மல்லிகா அக்கா கொடுக்காத பேட்டி

பாகூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாவது படித்தபோது எங்கள் சுவரிதழுக்கு நான்தான் எடிட்டர். சார்ட் பேப்பரில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம்.

ஒரு மாதம், மதிய உணவு பரிமாறும் மல்லிகா அக்காவைப் பேட்டி எடுப்பது என் பொறுப்பு. நான் அவரிடம் போகவே இல்லை. அவர் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறார் என்ற திமிர். “பிள்ளைங்க சாப்பிடுறதைப் பார்த்தாலே என் வயிறு நிறைஞ்சிடும்” என்று நானே எழுதி ஒட்டிவிட்டேன். டீச்சர்கள் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மதியம் போர்டின் முன்னால் மல்லிகா அக்கா நின்றிருந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னாடி இது? நான் எப்போ இப்படிச் சொன்னேன்?”

நேராக ஹெச்.எம்.மிடம் போவார் என்று பயந்தேன். அவரோ சிரித்துவிட்டார்.

“பாத்தா எங்கடி வயிறு நிறையும்? உங்களுக்குப் போட்டு, குண்டான் எல்லாம் கழுவி வச்சுட்டு நான் சாப்பிட மூணு மணி ஆவுது. பசி உயிர் போவுது.”

“கிழிச்சிடட்டுமாக்கா?”

“வாணாம். என் பேரு போட்டிருக்க இல்ல, இருக்கட்டும். அடுத்த தபா கேட்டுட்டு எழுது.”

அவர் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த இதழில் அந்த மூன்று மணிப் பசியை அப்படியே எழுதினேன். அதை எந்த டீச்சரும் பாராட்டவில்லை.

இப்போது ஒரு செய்தி சேனலில் நிருபராக இருக்கிறேன். யாரிடம் மைக்கை நீட்டினாலும் முதலில் “சாப்பிட்டீங்களா?” என்றுதான் கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.