வரைபடத்தை நடந்து காட்டச் சொல்பவர்

"நட, நிக்காத!" என்று சொல்லிவிட்டுச் சிங்காரவேலு கைதட்டுகிறார். ஒரு தட்டு, ஒரு விநாடி. மைதானத்தில் சுண்ணாம்பால் பத்துக் கோடுகள். கரும்பலகையில் போட்ட தொலைவு-கால வரைபடத்தைப் பார்த்து, அது காட்டுகிறபடியே பையன் ஒருவன் அவற்றைத் தாண்டிப் போகிறான். அவன் தப்பாக நடந்தால் சுற்றியிருப்பவர்கள் கூச்சல் போடுவார்கள்.

குன்னம் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் அவர் இயற்பியல் ஆசிரியர். அங்கே பிளஸ் டூ வகுப்பு வந்து இது மூன்றாவது வருடம். சட்டைப்பையில் சுண்ணாம்புத் தூள் பொட்டலம் எப்போதும் இருக்கும். வெற்றிலை போடுகிறவர் என்று நினைத்துப் புதிதாக வருகிறவர்கள் பாக்கை நீட்டுவார்கள்.

வரைபடக் கேள்வி என்றாலே பிள்ளைகள் ஓட்டம் பிடிப்பார்கள். ஓடாதவர்கள் மலையேறுவார்கள். தொலைவும் காலமும் போட்ட வரைபடத்தில் கோடு உயர்ந்தால், "பஸ்ஸு மேடு ஏறுது சார்" என்பார்கள். தட்டையாகக் கிடந்தால், "சமதரையில ஓடுது சார்."

"அடேய், பஸ்ஸு நின்னுபோச்சுடா!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொள்வார். "கரும்பு வண்டி ஆலை வாசல்ல ரெண்டு நாளா நிக்குது. மணி ஓடுது, வண்டி ஓடல. கோடு எப்படி இருக்கும்?"

"படுத்துக்கெடக்கும் சார், எங்கப்பா மாதிரி" என்றாள் வண்டிக்காரர் அங்கமுத்துவின் மகள் மலர்க்கொடி.

மனைவி சிந்தாமணி அரியலூரில் நர்ஸ். வீடும் அங்கேதான். அங்கிருந்து பள்ளி நேரத்துக்கு பஸ் இல்லாததால் இவருக்குக் குன்னத்தில் ஒரு வாடகை அறை. சனிக்கிழமை போனால் மூன்று வயது மகள், "வாங்க, உக்காருங்க" என்று விருந்தாளியை வரவேற்பதுபோல வரவேற்கிறாள். எல்லாவற்றையும் சிரித்துச் சொல்லும் மனிதர், இதைச் சொல்லும்போது சிரிப்பதில்லை. மூன்று வருடமாக மாற்றல் மனு போட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி, "உங்க மனுவைப் பாத்தேன். அரியலூர்ல ஒரு எடம் காலியாவுது, போட்டுடலாம்" என்றார். சிங்காரவேலுவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அடுத்த பாடவேளைக்கு அதிகாரி மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"இதென்ன, பாடமா டிரில்லா? நானும் வாத்தியாரா இருந்தவன்தான். நானே நடக்குறேன், தட்டுங்க."

பலகையில் அன்று இருந்தது வேகமும் காலமும் போட்ட வரைபடம். கோடு ஏறி, தட்டையாகி, பிறகு சரிந்து இறங்கியது. அதிகாரி வேகத்தைக் கூட்டினார். ஒரே சீராக நடந்தார். கோடு சரிகிற இடம் வந்ததும் சட்டென்று திரும்பி, புறப்பட்ட இடத்தைப் பார்த்து வரத் தொடங்கினார்.

சிங்காரவேலுவின் கை நின்றுவிட்டது.

"வேகந்தான சார் கொறையுது? முன்னாலதான போவணும்? அவரு ஏன் திரும்பி வராரு?" என்று மலர்க்கொடி கிசுகிசுத்தாள். மற்றவர்களும் சிங்காரவேலுவைத்தான் பார்த்தார்கள். தலைமையாசிரியர் ராசாங்கம் அதிகாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து, வேண்டாம் என்று கையாட்டினார். மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடவேண்டிய கை யாருடையது என்பது சிங்காரவேலுவுக்குத் தெரியாததல்ல. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அதிகாரி நடந்ததைத்தான் பிள்ளைகள் எழுதுவார்கள்.

"என்ன, சரிதானே?" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே சிங்காரவேலு மைதானத்துக்குள் போனார். அதிகாரியின் இரண்டு தோள்களையும் பிடித்து, முன்பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.