எப்பா மாத்தையா

தண்ணீரில் ஊறி ஊறிக் கறுத்துப்போன ஒரு மரக்கட்டை. படகு கட்டுவதற்காக ஆற்றங்கரையில் நட்டிருந்தார்கள். என் அண்ணையைப் பற்றி யாராவது கதைத்தால் அவருடைய முகம் வருவதற்கு முதல் எனக்கு அந்தக் கட்டைதான் ஞாபகத்துக்கு வரும். கூடவே ஒரு மணமும் வரும். புளித்த பியர், பன்றிக் கொழுப்புப் பொரிகிற புகை, ஆற்றுச் சேறு, ஈரக் கயிறு எல்லாம் சேர்ந்த மணம். முப்பது வருடமாகியும் அது என் தொண்டையை விட்டுப் போகவில்லை.

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்திலிருந்து ஆற்றோடு சேர்ந்து போகிற பாதையில், ஒரு வளைவில் இருக்கிறது அந்த க்ரோ. க்ரோ என்றால் இந்த நாட்டின் நாட்டுப்புறங்களில் இருக்கிற பழைய மதுக்கடை. சாப்பாடும் போடுவார்கள். வெள்ளையடித்த சுவர், நாணற்புல் வேய்ந்த கூரை, சின்னச் சின்ன யன்னல்கள். காரில் போகிறவர்கள் நிறுத்திப் படம் எடுப்பார்கள். உள்ளே போனால் உத்தரம் தலையில் இடிக்கும். மேசையில் கையை வைத்தால் ஒட்டும். குடிக்கிற இடத்துக்கு மேலே பதப்படுத்திய ஒரு பெரிய மீன் வாயைப் பிளந்தபடி தொங்கும்; அதன் பல்லுகளுக்கிடையில் யாரோ சிகரெட் துண்டைச் செருகி வைத்திருப்பார்கள். அண்ணைக்கு அந்த இடம் உயிர். இறைச்சித் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் அங்கே கூடுவார்கள். வேலை கிடைத்த முதல் வருடத்திலிருந்தே அண்ணையும் அவர்களோடு போகத் தொடங்கிவிட்டார்.

நான் டென்மார்க்குக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தபோது அண்ணைக்கு முப்பது வயது பிறந்தது. மகன் அப்போது என் வயிற்றில். "பெடியள் எனக்கு ஒரு கொண்டாட்டம் வைக்கிறாங்கள், நீங்கள் ரெண்டு பேரும் கட்டாயம் வரவேணும்" என்று அண்ணை என்னையும் என் கணவரையும் கூப்பிட்டிருந்தார். நான் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். போனதும் என் முன்னால் வினாகிரியில் ஊறிய பச்சை மீனை வைத்தார்கள். அந்த மணத்துக்கே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மசக்கை என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். சிலர் என் வயிற்றைப் பார்த்துக் கையைத் தட்டினார்கள்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. முப்பது வயதாகியும் கலியாணம் கட்டாதவர்களைப் பிடித்துக் கட்டிவைத்து, தண்ணீரை ஊற்றி, மிளகுத்தூளைக் கொட்டுவார்கள். சந்தோசத்துக்குத்தான். அதில் ஒரு பாசமும் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. ஐந்தாறு பேர் அண்ணையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அண்ணையும் சிரித்தார். "ஒண்டுமில்லைப் பிள்ளை, விளையாட்டு!" என்று எனக்குக் கத்திச் சொன்னார். அந்தக் கட்டையோடு அவரைச் சேர்த்து நிறுத்தி, இரண்டு கையையும் பின்னால் இழுத்துப் படகுக் கயிற்றால் கட்டினார்கள்.

கை பின்னால் போனதும் அண்ணையின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஊரில் அவரை ஆமி பிடித்துக்கொண்டு போய் மாதக் கணக்காக முகாமில் வைத்திருந்தது. விட்டபோது மணிக்கட்டு இரண்டும் புண்ணாகியிருந்தன. அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினாள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த மௌனத்தோடுதான் அவர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அது ஒன்றும் இந்த மனிதர்களுக்குத் தெரியாது. க்ரோக்காரர் ஆற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீரை அள்ளி அண்ணையின் முகத்தில் அடித்தார். இன்னொருவர் ஒரு பொதி மிளகுத்தூளை அப்படியே தலையில் கவிழ்த்தார்.

அப்போதுதான் அண்ணை கத்தத் தொடங்கினார். தமிழில் இல்லை, டேனிஷிலும் இல்லை. சிங்களத்தில் கத்தினார்.

"எப்பா மாத்தையா! எப்பா மாத்தையா!"

வேண்டாம் ஐயா, வேண்டாம் ஐயா. என் அண்ணையின் வாயில் நான் அதற்கு முதல் சிங்களம் கேட்டதே இல்லை. அந்தச் சொல்லை அவர் எங்கே, யாரிடம் படித்திருப்பார் என்று விளங்க எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

அவர்களுக்கு அது நல்ல வேடிக்கையாகப் பட்டது. அவருடைய மொழியில் ஏதோ பகிடியாகச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். க்ரோக்காரர் முதலில் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும் பியர்ப் போத்தலைத் தூக்கிப் பிடித்து, காலைத் தரையில் உதைத்து, ஒரே குரலில் "எப்பா மாத்தையா! எப்பா மாத்தையா!" என்று பாடினார்கள். அண்ணை கத்தக் கத்த அவர்களும் கத்தினார்கள். சிவந்த முகங்கள், மீசையில் பியர் நுரை, பல்லில் ஒட்டியிருந்த மீன் துணுக்குகள். அவ்வளவு அருவருப்பான ஒன்றை அதற்கு முதலும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

நான் ஓடிப்போய் முடிச்சைப் பிடித்து இழுத்தேன். நனைந்த கயிறு இறுகியிருந்தது. என் கணவர் உள்ளே ஓடிப் பாண் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து அறுத்தார். அவ்வளவு தண்ணீர் ஊற்றியிருந்ததால் அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் குனிந்து நின்ற எனக்குத் தெரிந்தது. அண்ணை நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிருந்தார்.

விளையாட்டை நான் குழப்பிவிட்டேன் என்று இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். க்ரோக்காரர் மட்டும் ஒரு துவாயைக் கொண்டுவந்து அண்ணையின் தோளில் போட்டு, முதுகில் தட்டி, ஒரு சின்னக் கிண்ணத்தில் ஸ்னாப்ஸ் என்கிற சாராயத்தை ஊற்றிக் கொடுத்தார். அண்ணை அதை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் அங்கே போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மனுசர் போற இடமோ அண்ணை அது? உங்களுக்கு அருவருப்பே இல்லையோ?" என்று கேட்டேன்.

அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அவங்கள் கெட்டவங்கள் இல்லைப் பிள்ளை. அங்க போகாம விட்டா, எனக்கு அந்தக் கட்டை மட்டும்தான் மிஞ்சும்."

எனக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்று நான் முயலவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த க்ரோவில் அவருக்குப் பெயரே மாத்தையா என்று ஆகிவிட்டது. கடையில் கண்டால் "ஹேய், மாத்தையா!" என்பார்கள். அவர் வீடு மாறியபோது தளபாடம் தூக்க வந்தவர்கள் படிக்கட்டு முழுக்க மாத்தையா, மாத்தையா என்று கூப்பிட்டார்கள். அண்ணை காய்ச்சலில் படுத்திருந்தபோது க்ரோக்காரர் ஒரு சட்டி நிறைய சூப் கொண்டுவந்து, கதவடியில் நின்று, "மாத்தையாவுக்கு எப்படி இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அந்தச் சட்டியை நான் வாங்கிக் கழுவுதொட்டியில் கொட்டினேன். நல்ல மனிதர்கள்தான் என்று அண்ணை சொன்னது பொய்யில்லை. அவர்கள் நல்லவர்களாக இருந்ததுதான் எனக்கு இன்னும் குமட்டலாக இருந்தது. கெட்டவர்கள் என்றால் வெறுத்துவிட்டு இருந்திருப்பேன். அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துச் சிரித்த அண்ணையிலும் எனக்கு அருவருப்பு வந்தது. என்னோடு பிறந்தவரைப் பார்த்து அப்படி ஒரு உணர்வு வருவது பெரிய பாரம். அதோடுதான் அவருக்குச் சோறு போட்டேன், பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணை கலியாணம் கட்டவில்லை. என் மகனைத்தான் தன் பிள்ளைபோல வளர்த்தார். மகன் இங்கே பிறந்தவன். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வான். இப்போது ஓர்ஹூஸ் நகரத்தில் பொறியியலாளராக இருக்கிறான். இந்த வருடம் அவனுக்கு முப்பது வயது வந்தது. அவனும் கலியாணம் கட்டவில்லை.

"சனிக்கிழமை நண்பர்கள் எனக்கு மிளகு போடப்போகிறார்கள் அம்மா," என்று தொலைபேசியில் டேனிஷில் சொன்னான். "எங்கே தெரியுமா? மாமாவின் க்ரோவில். மாமாவுக்குச் சொல்லாதீர்கள், நான் அவரை ஆச்சரியப்படுத்த வேண்டும்."

வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்டால் அண்ணை தன் வாழ்நாள் முழுக்க மூடிவைத்ததை நான் திறக்க வேண்டும். அதனால் போனேன். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவால் நுழைந்தேன். சிகரெட் புகை இல்லை, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. மேசை அதேபோல ஒட்டியது. அண்ணை வழக்கமான தன் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி மகனைக் கட்டிப்பிடித்தார். க்ரோக்காரர் இப்போது கிழவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மகனுடைய சிநேகிதர்களிடம், "இது நம்முடைய மாத்தையாவின் மருமகன்" என்று பெருமையாகச் சொன்னார்.

பெடியன்களும் பெட்டைகளுமாக ஒரு பத்துப்பேர் மகனை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் நீந்தும்போது போடுகிற கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டு, தானே போய் அந்தக் கட்டையோடு சேர்ந்து நின்று, கையைப் பின்னால் கொடுத்தான். அண்ணை எனக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரை ஊற்றினார்கள். மிளகைக் கொட்டினார்கள். உடனே கிழவர் கைத்தடியைத் தூக்கினார்.

"எப்பா மாத்தையா!"

பத்துக் குரலும் சேர்ந்து திருப்பிச் சொன்னது. அவர்கள் அதை முன்பே படித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த க்ரோவில் மிளகு போடும்போது அப்படிக் கத்துவதுதான் முறை என்று எத்தனையோ வருடமாக நடந்து வருகிறதாம். மற்ற ஊர்களிலிருந்தும் அதற்காகவே வருகிறார்களாம். கட்டப்பட்டு நின்ற என் மகன், மூக்கால் மிளகுத் தண்ணி வடிய, தும்மித் தும்மிச் சிரித்தபடி, எல்லோரையும் விட உரக்கக் கத்தினான்.

"எப்பா மாத்தையா! எப்பா மாத்தையா!"

திரும்பிப் பார்த்தேன். அண்ணையைக் காணவில்லை.

கடையின் பின்பக்கம் நாணல் வளர்ந்த கரையில், முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் நெற்றியைப் பிடித்தேன். வெறும் தண்ணியாக வரும்வரை எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் எனக்கு அருவருப்பு வருது பிள்ளை," என்றார். "நான் கத்தேக்கை எனக்கு என்ர சத்தம் கேக்கேல்லை. பிறகு இவங்கள் கத்தேக்கையும் கேக்கேல்லை. இண்டைக்கு அவன்ர வாயால கேட்டிட்டன்."

அவருக்கு ஒருநாள் அருவருப்பு வரவேண்டும் என்று முப்பது வருடம் ஆசைப்பட்டவள் நான். வந்தபோது அதைப் பார்க்க எனக்குப் பலம் இருக்கவில்லை. "வாங்கோ அண்ணை, வீட்டை போவம்" என்றேன்.

அதற்குள் மகன் தலையெல்லாம் மிளகோடு எங்களைத் தேடி வந்துவிட்டான். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினான். அவனாக அபூர்வமாகக் கதைக்கிற தமிழில் கேட்டான்: "மாமா, என்ன நடந்தது? அந்தச் சொல் உங்கட சொல் எண்டு சொல்லினம். என்ன கருத்து?"

அண்ணை ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"சிங்களம். வேண்டாம் ஐயா எண்டு கருத்து."

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"முதல்ல ஆமிக்காரனுக்கு. பிறகு இவங்களுக்கு."

மகன், சொன்ன சொல்லைத் துடைப்பதுபோலப் புறங்கையால் உதட்டை அழுத்தித் தேய்த்தான். தேய்த்ததில் மிளகு பட்டு உதடு சிவந்தது. பிறகு கடையின் முன்பக்கம் நடந்தான். அங்கே அடுத்த ஒருவனைப் பிடித்து அதே சொல்லைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கத்தல் மட்டும் நின்றது. வாத்துகளின் சத்தம் கேட்டது.

நாங்கள் காருக்குப் போனபோது கிழவர் வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முதல் முறையாக அண்ணையின் உண்மையான பெயரைச் சொல்லப் பார்த்தார். அது அவருக்கு வரவில்லை. பாதியில் விட்டுவிட்டார். அண்ணை தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார். எனக்கு அந்தக் கிழவரில் இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. அண்ணை.

"நான் வீட்டிலதான் நிக்கிறன்," என்றார். பிறகு, "சமைச்சிட்டியே?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை," என்றேன். "வாங்கோ அண்ணை. வந்த பிறகு சமைப்பம்."