சன்னலோரத்துப் பால்

என் மகள் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த வருஷம், அவள் வகுப்புச் சுவர் முழுக்கச் சொல் அட்டைகள். மயில், கதவு, தேர், பால் என்று அட்டைக்கு ஒரு சொல்; படம் கிடையாது. டீச்சர் குச்சியால் தொட்டுக் காட்டுவார், பிள்ளைகள் படிப்பார்கள். என் மகள் குரல்தான் முதலில் கேட்கும். நான் எட்டாவதோடு நின்றவள். பிள்ளை படிக்கிறாளே என்று மாரியம்மனுக்கு நெய்விளக்குப் போட்டேன்.

ஆயுத பூஜைக்காக வகுப்பைச் சுத்தம் செய்ய அம்மாக்கள் சிலர் போனோம். ஒட்டடை அடிக்க அட்டைகளைக் கழற்றினோம். எழுத்து என்றால் சரஸ்வதி, கால் பட்டுவிடக் கூடாதல்லவா? மேசைமேல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்ப ஒட்டினோம். எது எங்கே இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் மகளைக் கூட்டிவரப் போனேன். டீச்சர் சன்னலோரத்தில் இருந்த மயில் அட்டையைத் தொட்டார்.

"பால்," என்றாள் மகள்.

பக்கத்துப் பெண் சிரித்தது. "பாலு எங்கயாச்சும் தோகை விரிக்குமா?"

நான் வாசலிலிருந்தே முந்திக்கொண்டு சொன்னேன். "நாங்கதானுங்க மாத்தி ஒட்டிப்போட்டோம். புள்ளைக்குக் கொழம்பிருச்சுங்க, டீச்சர்."

"நீங்க ஏனுங்க கலங்கறீங்க? சன்னலோரத்துல இருந்தா பால்னு இவ எடத்த மனப்பாடம் பண்ணியிருக்கறா. நீங்க மாத்தலைன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காதுங்க."

அதன்பின் டீச்சர் தினமும் அட்டைகளை இடம் மாற்றினார். மகளுக்குப் பள்ளிக்கூடமே கசந்துபோனது. "எனக்குப் படிக்கவே வராதுங்கம்மா," என்று சோற்றுத் தட்டின் முன் அழுதாள்.

"வரும் கண்ணு, மெதுவா வரும்," என்று சொன்னேனே தவிர, எனக்கும் பயம்தான். விளக்கேற்றும்போதெல்லாம் அந்த ஒரே வேண்டுதல்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் நின்றிருந்தோம். மகள் என் முந்தானையை இழுத்தாள். சன்னதி வாசலில் ஒரு பலகை. அதில் சாக்பீஸால், 'பால் அபிஷேகம்'.

"அம்மா, நம்ம சன்னலோரத்துப் பாலு இங்க வந்துருக்குதுங்க."

பூசாரி எட்டிப் பார்த்தார். "பாலு இன்னும் வரலீங்க அம்மணி. கறந்துட்டு இருக்கறாங்க."

"வந்துருச்சுங்க," என்று அவள் பலகையைத் தொட்டுக் காட்டினாள்.

கும்பிட்டிருந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அடுத்தது என்ன கண்ணு?"

அவள் அந்த நீளச் சொல்லை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது எங்க செவுத்துல இல்லீங்கம்மா."