டெப்போ ஆட்கள் தட்டிய விளம்பரம்

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் 'ஜிப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த துணியையும் பழுதான ஜிப்பையும் வீட்டிலேயே சரிசெய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கும் இணையதளம் ஒன்றை அவள் நடத்துகிறாள். அதில் வரும் விளம்பரங்களை யாராவது தட்டினால்தான் வருமானம். வருடக் கடைசிக்குள் தளம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளாவிட்டால், அதை மூடிவிட்டு மறுபடி ஆடைத் தொழிற்சாலைக்கே போவதாக அவளே சொல்லியிருந்தாள். அங்கே நாள் முழுக்கச் சட்டைக் காலர் மட்டுமே தைத்தவள் அவள்.

அதனால் ஒரு சோதனை வைத்தாள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு விளம்பரம் பக்கத்தின் உச்சியில் தெரியும். மீதிப் பேருக்கு நடுவில், படங்களுக்கு இடையே. எங்கே அதிகம் தட்டுகிறார்களோ அங்கேயே வைத்துவிடலாம்.

கொஞ்ச நாளில் உச்சியில் இருந்த விளம்பரம் பிய்த்துக்கொண்டு போனது. நான் துள்ளினேன். அக்கா தளத்தின் கணக்கைத் திறந்து காட்டினாள். தட்டியவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள். எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஒருவர்கூடப் பக்கத்தைப் படிக்கவில்லை. சாயங்காலம் அத்தான் பஸ் டெப்போவிலிருந்து வந்ததும் நேராகக் கேட்டாள்.

"டெப்போவுல யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாருகிட்டயாவதா? மெக்கானிக்லேர்ந்து கேன்டீன்காரர் வரைக்கும் தெனமும் அமுக்குறாங்க" என்றார் அத்தான் பெருமையாக.

"நல்லா இருக்கு. விளம்பரக் கம்பெனிக்குத் தெரிஞ்சா, நான்தான் ஆள் வச்சு அமுக்குறேன்னு கணக்கையே மூடிடுவாங்க."

"உனக்கு நல்லது பண்ணப் போனா..."

"எந்த எடம் நல்ல எடம்னு இப்ப எப்படிக் கண்டுபுடிக்கறது? கீழ தள்ளிப் பாக்க உங்க ஆளுங்களுக்குப் பொறுமை இல்லங்கறது மட்டும்தான் தெரியுது."

நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் நடந்ததை அப்படியே கம்பெனிக்கு எழுதி, அந்தக் கிளிக்குகளைக் கழித்துவிடச் சொன்னாள்.

பதில் வரும்வரை சும்மாவும் இருக்கவில்லை. போனை நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்துவைத்து, தன் பக்கத்தைத் தானே பார்த்து ஒரு பையின் ஜிப்பைத் தைத்தாள். தைத்து முடிக்கும்வரை இரண்டு கைகளும் ஊசியோடும் துணியோடும் மல்லுக்கட்டின. முடிச்சுப் போட்டு நூலை வெட்டிய பிறகுதான் விரல் போனுக்குப் போனது.

"இங்கதான்" என்றாள். கடைசிப் படத்துக்கு அடியில், அடுத்த பக்கத்துக்கான பொத்தானைத் தட்டும்போது தவறிக்கூட விரல் படாத தூரத்தில், விளம்பரத்தை வைத்தாள்.

கம்பெனி அந்தக் கிளிக்குகளைக் கழித்தது, கணக்கை விட்டுவைத்தது. புதிதாகத் தொடங்கிய சோதனையில் உச்சியைவிட இந்த இடமே ஜெயித்தது. பிய்த்துக்கொண்டெல்லாம் போகவில்லை. மெதுவாக, நிற்காமல் ஏறியது. வருடம் முடிவதற்குள் தளம் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. தொழிற்சாலை சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டுப் போன் செய்தபோது, "வரல சார்" என்று சொல்லிவிட்டு அக்கா ஊசியில் நூல் கோத்தாள்.

டெப்போவில் யாரும் தட்டக்கூடாது என்று அத்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன வாரம் ஒரு டிரைவர் அவரிடம் வந்தாராம்.

"அண்ணே, அண்ணி பக்கத்தைப் பாத்துதான் பை ஜிப்பைத் தைச்சேன். கடைசில ஊசி விளம்பரம் வருது. எனக்கு நெஜமாவே ஊசி வேணும். அமுக்கலாமா?"

அத்தான் போனை வெளியே எடுத்தாராம்.

"இரு, வீட்ல கேட்டுச் சொல்றேன்."