புரட்டாசியில் ஓர் ஊசி

என் மனைவிக்கு முடக்குவாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றில் போடும் ஊசி வந்த பிறகுதான் தன் கையால் தலை பின்னிக்கொள்ளத் தொடங்கினாள். ஓர் ஊசியின் விலையில் நாங்கள் இருவரும் ஒரு மாதம் சாப்பிடலாம். காப்புறுதி நிறுவனம் பணம் தர இரண்டு முறை மறுத்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த பின் ஆறு மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டது. இடையில் ஊசி விட்டுப்போகக் கூடாது. ஆறாம் மாதக் கடைசியில் மருத்துவர் மூட்டு மூட்டாக அழுத்திப் பார்ப்பார். வீக்கம் குறைந்திருந்தால்தான் மேற்கொண்டு பணம் வரும்.

ஐந்தாம் மாதம் மருந்தகத்தில் மருந்து வாங்கப் போனபோது, அங்கிருந்த தாதியிடம் வழக்கம்போல் விலையைச் சொல்லிப் புலம்பினேன்.

"ஏம்மா, இத்தனூண்டு மருந்துக்கு இவ்வளவா?"

"சும்மா கலக்குற மருந்து இல்ல அங்கிள். உயிருள்ள செல்லுல வளர்க்கணும். அதைக் கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆவும்."

"எதோட செல்லு?"

"ஹாம்ஸ்டர். பிள்ளைங்க கூண்டுல வளப்பாங்களே, எலி மாதிரி."

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள். அந்த மாதம் எங்கள் வீட்டுக்குள் முட்டை போட்ட கேக்கூட வராது.

வீடு திரும்பும் ரயில் ஈசூன் நிலையத்தைத் தாண்டியது. மருந்து வைத்த பனிக்கட்டிப் பை என் மடியில் இருந்தது.

"ஐப்பசியில போட்டுக்கிறேன்" என்றாள்.

"ரெண்டு ஊசி விட்டுப்போயிடும். காப்புறுதிக்காரன் நிறுத்திடுவான்."

"நிறுத்தட்டும். பெருமாளுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

வியாழக்கிழமை ஊசி நாள். ஊசியை எடுத்துப் போன என் கையைத் தட்டிவிட்டாள். குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஊசி அங்கேயே இருந்தது. வெள்ளிக்கிழமை மணிக்கட்டு வீங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எங்கள் வீடு இருக்கும் செம்பவாங்கிலிருந்து தேக்கா பக்கம் பெருமாள் கோயிலுக்குப் போனோம். தீர்த்தத்துக்குக் கையைக் குவித்தாள். விரல்கள் சேரவில்லை. தீர்த்தம் இடுக்கு வழியே சேலையில் வழிந்தது. அர்ச்சகர் மறுபடி ஊற்றினார். மறுபடியும் வழிந்தது. அவர் அடுத்தவரிடம் நகர்ந்தார்.

வெளியே வந்ததும், "அந்தப் பொண்ணுக்கு போன் போடுங்க" என்றாள். மருந்தகத்தில் சனிக்கிழமையும் ஆள் உண்டு. நல்லவேளையாக அதே தாதிதான் எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஒவ்வொரு ஊசிக்கும் ஒன்னைக் கொல்றாங்களாம்மா?"

"இல்ல ஆன்ட்டி. ரொம்ப வருஷத்துக்கு முந்தி ஒன்னுகிட்ட எடுத்த செல்லு. அதுதான் பெருகிகிட்டே இருக்கு. மருந்துல அந்தச் செல்லும் இருக்காது, பிரிச்சு எடுத்துடுவாங்க."

"அந்த ஒன்னு?"

"அது எப்பவோ போயிருக்கும் ஆன்ட்டி. நீங்க இன்னும் போட்டுக்கலையா? வியாழன்தானே உங்க நாளு? ரெண்டு நாள்தானே தள்ளிப்போயிருக்கு, இன்னைக்கே போட்டுக்குங்க லா."

மனைவி திரும்பக் கோயிலுக்குள் போய் ஒரு நெய்விளக்கு வாங்கினாள். தீக்குச்சியைப் பிடிக்க முடியாததால் நான் ஏற்றினேன்.

"யாருக்கு?" என்றேன்.

"அந்த ஒன்னுக்குத்தான்."

வீட்டில் அவள் வயிற்றுத் தோலை நான்தான் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஊசியை அழுத்திப் பத்து எண்ணினேன். இந்த இரண்டு நாள் தாமதத்தைக் காப்புறுதிக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம் விடவில்லை.

"அடுத்தது எப்போ?"

"பழைய கணக்குப்படி அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழன்."

"அதுவும் புரட்டாசிதான்" என்றாள்.

அப்போது போட்டுக்கொள்வாளா, மாட்டாளா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.