அச்சில் விழாத புள்ளிக்கோடு

சந்தாபுராவில் எங்கள் அலுவலகம் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து மேஸ்திரி போன் செய்தார்.

"மேடம், மாடி பாத்ரூம்ல இறக்கம் இருக்கா, இல்லியா? டிராயிங்ல ஒண்ணும் காட்டலயே. நாங்க சமமா சென்ட்ரிங் பலகை அடிச்சி, ரெண்டு நாளா கம்பி கட்டிட்டோம்."

இருந்தது. குழாய்கள் அடியில் போவதற்காக அந்தக் குளியலறைத் தளம் ஓரடி தாழ வேண்டும். நான்தான் வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன்.

கான்கிரீட் போடுவதற்கு முன்பே கேட்டாரே என்று நிம்மதிப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒரு மாதமாகவே இப்படித்தான். ஒரு தாளில் கோடுகள் அழுத்தமாக விழும். அடுத்த தாளில் அதே கோடுகள் மயிரிழையாக மெலிந்து வெளுத்திருக்கும். ஒவ்வொரு முறையும் லிங்கராஜபுரத்தில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழேயே இருக்கும் பிரிண்ட் கடைக்காரரைத்தான் கடிந்துகொண்டேன். அன்றும் இறங்கிப் போய், கடையில் நின்றிருந்தவர்கள் முன்னாலேயே, "உங்க மிஷினால அங்க ரெண்டு நாள் வேல போச்சு" என்று கத்தினேன்.

அவர் மிஷினைத் திறந்து துடைத்தார். என்னுடைய பழைய வரைபடம் ஒன்றை எடுத்து அச்சடித்தார், பிறகு புதியதை. இரண்டையும் மேசையில் விரித்தார்.

"நோடி, பாருங்க மேடம், அதே பேப்பர், அதே இங்க். இது போன வருஷம் குடுத்தது, இது போன வாரம். உங்க ஃபைல்லதான் என்னமோ இருக்கு."

பழையது பளிச்சென்று இருந்தது. புதியதில் அந்தப் புள்ளிக்கோட்டையும் குறிப்பையும், தெரிந்து தேடிய நானே குனிந்துதான் கண்டுபிடித்தேன்.

மேலே வந்து கணினியைத் திறந்தேன். திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே மாதிரிதான் தெரியும். எந்த நிறக் கோடு எவ்வளவு தடிமனாக அச்சாக வேண்டும் என்பது தனியாக ஒரு ஃபைலில் இருக்கும். அலுவலகக் கணினியில் இருந்ததையும் என் லேப்டாப்பில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர் ஒன்றுதான், உள்ளே எண்கள் வேறு. லேப்டாப்பில் சாஃப்ட்வேரைப் புதிதாகப் போட்டபோது பழைய ஃபைலை எடுத்து வைக்க மறந்திருக்கிறேன். அலுவலகக் கணினியிலிருந்து அனுப்பியவை சரி. லேப்டாப்பிலிருந்து அனுப்பியவை எல்லாம் வெளுப்பு.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். எதிரே நிற்கவே கூச்சமாக இருந்தது.

"விடுங்க மேடம். எல்லாரும் மொதல்ல மிஷினத்தான் திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் பென்டிரைவை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் இரண்டு பஸ் மாறி சந்தாபுரா போனேன். மாடியில் நாலு பேர் குந்தி உட்கார்ந்து, கட்டிய கம்பியை முடிச்சு முடிச்சாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் தப்பு என்று மேஸ்திரி கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "கட்டறது ஈஸி மேடம். பிரிக்கறதுதான் கைய நோவடிக்குது."

புதுத் தாளை விரித்து, இறக்கத்தின் நாலு மூலைகளையும் அவரோடு சேர்ந்து அளந்து குறித்தேன். அடுத்த வாரம் அந்தத் தளத்துக்குச் சரியாகவே கான்கிரீட் போட்டார்கள். ஆனால் அளந்து குறித்த அன்று திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தூங்க முடியவில்லை. அந்த ஒரு மாதத்தில் லேப்டாப்பிலிருந்து வேறு இரண்டு வீடுகளுக்கும் தாள்கள் போயிருந்தன. எவை எவை என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டே வந்தேன்.