ஜஸ்டின் பாதியில் மூடிய அதிகாரம்

லைன்மேன் ஜஸ்டினுக்கு வேதம் வாசிக்காமல் வீட்டு வாசலைத் தாண்டிப் பழக்கமில்லை. அன்றன்றைக்கு எந்த அதிகாரம் என்று சபையில் அட்டை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பாலில்லாத கட்டஞ்சாயாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சத்தமாக வாசிப்பார். மனைவி ஜெனி தோசை சுட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள். இப்படியே முழுப் புத்தகமும் மூன்று தடவை முடிந்திருந்தது. கீழ்ப்படிதல், பரிசுத்தம், வல்லமை என்று வருகிற இடங்களையெல்லாம், தினமும் போகிற பஸ்ஸில் ஊர்ப்பெயர்களைக் கடப்பதுபோல அவர் கடந்துவிடுவார்.

ஊசாவின் கதையில் மட்டும் ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொள்ளும். இந்த வருஷம் அது ஆனி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் வந்தது. வெளியே சாரல் காற்று ஜன்னலை அடித்துச் சாத்திக்கொண்டிருந்தது. கற்பனைப் பலகைகள் இருக்கிற தேவனுடைய பரிசுத்தப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். மாடு இடறுகிறது. பெட்டி சாய்ந்துவிடக் கூடாதே என்று ஊசா கையை நீட்டிப் பிடிக்கிறான். பிடித்த இடத்திலேயே செத்து விழுகிறான்.

ஜஸ்டின் புத்தகத்தை மூடிவிட்டார். அதிகாரத்தில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது.

"விழப்போனதைப் பிடிச்சிருக்கான். நல்ல மனசோடதான செஞ்சான்? அதுக்குச் சாவா?"

"கையால தொடாமத் தோள்ல சுமந்துட்டு வரணும்னுல்லா முதல்லயே சொல்லியிருக்கு. வண்டின்னா சுலபம்னு அதுல ஏத்திட்டாவ," என்றாள் ஜெனி.

"ஒரு வண்டிக்காகவா உசிரை எடுக்கது?"

"எனக்குத் தெரியல. வாசிச்சதைச் சொல்லுதேன்."

அதற்குள் போன் வந்துவிட்டது. குத்துக்கல்வலசையில் புங்கமரக்கிளை முறிந்து லைனில் விழுந்து, நாலு தெருவுக்குக் கரண்டு இல்லை. ஜஸ்டினும், இருபது வருஷமாக அவரோடு கம்பம் ஏறுகிற குத்தாலிங்கமும் போனார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கினார்கள். கிளையை வெட்டித் தள்ளினார்கள். மேலே அறுந்து தொங்கிய கம்பியை இழுத்துக் கட்டுவதுதான் பாக்கி.

கட்டுவதற்கு முன்னால் எர்த் ராடு மாட்ட வேண்டும். நீளக் கழியின் நுனியில் இருக்கும் கொக்கியைக் கம்பிகளில் மாட்டி, அதன் வயரை மண்ணில் அடித்த முளையோடு சேர்ப்பது. எப்படியாவது கரண்டு வந்தால் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போய்விடும். ஆனால் கால்மணி நேரம் பிடிக்கும். ஃபியூஸைப் பிடுங்கியாயிற்று, அப்புறம் எதற்கு என்று இருவருமே அந்த வழக்கத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஜஸ்டின் ஏணியில் ரெண்டு படி ஏறியிருப்பார். சுலபம்னு வண்டியில ஏத்திட்டாவ என்று ஜெனி சொன்னது காதுக்குள் வந்தது. எரிச்சலாக இருந்தது. இறங்கிவிட்டார்.

"என்னவே இறங்கிட்டீரு?" என்றார் குத்தாலிங்கம்.

"ராடை எடும். மாட்டிட்டு ஏறுதேன்."

"அதான் ஃபியூஸைப் பிடுங்கியாச்சுலா? மழை வேற வருது."

"மாட்டணும்னு சொல்லியிருக்கு. மாட்டிருவோம்."

மாட்டிவிட்டு ஏறினார். கையை நீட்டினார். கம்பிக்கும் விரலுக்கும் ஒரு சாண் இருந்திருக்கும். கொக்கி மாட்டிய இடத்தில் சடசடவென்று நீலமாகத் தீ பறந்தது. தெருக்கோடியில் ஓடத் தொடங்கியிருந்த ஒரு ஜெனரேட்டர் திணறி நின்றது. பிறகு காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. குத்தாலிங்கம் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். வெகுநேரம் விடவில்லை.

தெருக்கோடி வீட்டில் அன்று புதுவீட்டுப் பால்காய்ப்பு. கரண்டு இல்லையே என்று வாடகை ஜெனரேட்டரை வரவழைத்து, மெயின் சுவிட்சை இறக்காமலே வீட்டு போர்டில் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கரண்டு அப்படியே லைனுக்குத் திரும்பி ஏறிவிட்டது. விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் சண்முகநாதன் புது வேட்டி சேற்றில் இழுபட ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

வேறொரு நாளாக இருந்தால் ஜஸ்டின் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு, "மெயினை இறக்கிட்டுத்தான் போடணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கம்பத்தடியில் ஈரமண்ணிலேயே உட்கார்ந்தார்.

நல்ல மனசோடுதான் கையை நீட்டினேன் என்று அந்தக் கம்பியிடம் சொல்லியிருக்க முடியாது. அது புரிந்தது. ஆனால் கர்த்தரைக் கம்பியோடு வைத்துப் பேசக்கூடாது என்றும் தோன்றியது. கம்பிக்கு இவர் யாரென்று தெரியாது. காலையில் தோசைக்கல் முன்னால் நின்ற ஜெனியின் வாயில் அந்த ஒரு பேச்சை வைத்தவருக்கு இவரைத் தெரிந்திருந்தது. அதை நினைத்தபோதுதான் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. தீயைப் பார்த்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

வேலை முடிந்து ஃபியூஸைப் போட்டார்கள். சண்முகநாதன் விடாமல் இருவரையும் வீட்டுக்குள் அழைத்துப்போய்ப் பாலும் கேசரியும் கொடுத்தார். மேலே புது ஃபேன் சுற்றியது. பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜஸ்டின் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விளக்காகப் பார்த்தபடி இருந்தார்.

சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். தாவீது ராஜாவே பயந்துபோய்ப் பெட்டியைத் தன்னிடம் கொண்டுவராமல், ஓபேத் ஏதோம் என்பவன் வீட்டில் வைக்கிறான். மூன்று மாதம் அங்கே இருக்கிறது. அந்த வீடே ஆசீர்வாதமாகிறது.

"அதே பெட்டிதான?" என்று கேட்டார்.

"அதே பெட்டிதான்," என்றாள் ஜெனி.

மூன்று தடவை வாசித்தும் இது தன் கண்ணில் படவில்லையே என்று மலைத்துப்போய் இருந்தார்.

அடுத்த ஞாயிறு சபையில் திருவிருந்து; கர்த்தருடைய சரீரம் என்று சொல்லி அப்பம் கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை எழுந்துபோய் வாங்கியதுதான். பரிசுத்தம் என்றால் வெள்ளைச் சட்டையும் சண்டை போடாத வாயும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அன்று வரிசையில் நிற்கும்போதே ஊசா நீட்டிய கை நினைவுக்கு வந்தது. முழங்காற்படியிட்டார். கட்டிங்பிளேயர் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். போதகர் அப்பத்தோடு கிட்டே வந்து, ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார்.

ஜஸ்டின் கையை நீட்டினார்.